மாயக்காள் சொல்ல வந்தது

பொட்டிப்புரத்தில் மாயக்காளிடம் வாய் கொடுத்து மீண்டவர் கிடையாது. வாய்க்கால் தகராறில் ஊர்க்கூட்டத்தின் நடுவே நின்று, ஆம்பளைகள் அத்தனை பேரையும் பேச்சிலேயே உட்கார வைத்தவள். அப்படிப்பட்டவளின் வீடு, அவள் ஒரு வார்த்தை பேசாமலே கைவிட்டுப் போனது. நான் அவளுக்குப் பக்கத்து வீட்டுக்காரன்.

அவள் புருஷன் கர்ணன் உயிரோடு இருந்தபோது, போடியில் பருத்தி மண்டி வைத்திருந்த பலவேசத்திடம் வீட்டை அடமானம் வைத்திருந்தான். இரண்டு வெள்ளாமைப் பருத்தியை அந்த மண்டியிலேயே இறக்கி, கடனில் பாதியை அடைத்தும் விட்டான். ரசீது கேட்கும் பழக்கம் அவனுக்குக் கிடையாது. பருத்தியை ஏற்றிப் போன வண்டிக்காரர் சின்னக்கருப்பு மட்டும்தான் சாட்சி. கர்ணன் செத்த மறு வருஷம், 1973இல், முழுக்கடனுக்கும் வழக்குப் போட்டார் பலவேசம்.

வக்கீல் வைக்கச் சொன்னேன். "எதுக்குண்ணே? எனக்கு வாயில்லயா? கேட்டாகன்னா நான் சொல்லப் போறேன்" என்றாள். வக்கீலுக்குக் கொடுக்க அவளிடம் ஒன்றுமில்லை என்பது எனக்குத் தெரியும்.

ஒரு வாய்தாவையும் அவள் விடவில்லை. சின்னக்கருப்பையும் இழுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் கோர்ட்டுக்குப் போய்விடுவாள். அவருக்கு டிக்கெட், மத்தியானச் சாப்பாடு எல்லாம் அவள் செலவு. டவாலி பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் உள்ளே போய்க் கும்பிட்டு நிற்பாள். ஊர்க்கூட்டத்தில் அதுதான் முறை. வந்து நின்றவரைப் பார்த்து, உன் நியாயம் என்ன என்று கேட்டாக வேண்டும். இங்கே நீதிபதி இங்கிலீஷில் ஏதோ சொல்வார், குமாஸ்தா அடுத்த தேதியைச் சொல்வார், அவ்வளவுதான்.

"இன்னைக்குக் கேக்கலண்ணே. அடுத்த தடவ கேப்பாக" என்று திரும்பி வருவாள். பஸ்ஸில் வரும்போதே, எப்படிச் சாட்சி சொல்ல வேண்டும் என்று சின்னக்கருப்புக்குப் பாடம் நடக்கும். அந்த மனுஷன் பாதி வழியில் தூங்கிவிடுவார்.

பதிலை எழுத்தில் கொடுக்க வேண்டுமாம், பின்னால்தான் தெரிந்தது. அதற்குத்தான் அத்தனை தேதியும் கொடுத்தார்களாம். அதைத் தமிழில் சொல்லியிருந்தால் என்ன, குறைந்தா போயிருப்பார்கள்?

கடைசியாக ஒரு நாள் குமாஸ்தா தேதி சொல்லவில்லை. இவளே போய்க் கேட்டாள்.

"இனி ஏதும்மா தேதி? நீ பதிலே தாக்கல் பண்ணல. ஒருதலைப்பட்சமாத் தீர்ப்பாயிருச்சு."

"நாந்தான் எல்லாத் தடவயும் நேர்ல வந்து நின்னேனேய்யா!"

"நின்னா ஆச்சா? ஒரு மாசத்துக்குள்ள ரத்து பண்ணச் சொல்லி மனுப் போடு, போ."

அவள் காதில் விழுந்தது ஒரு மாசம் என்பது மட்டும்தான். சரியாக மாசம் முடிகிற அன்று சின்னக்கருப்போடு போய் நின்றாள். வாய்தா என்றால் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். கெடு என்றால் யாரும் கூப்பிட மாட்டார்கள், அது தானாக முடிந்துபோகும். இதை அவளுக்குச் சொல்ல ஆளில்லை, எனக்கே அப்போது தெரியாது. கதவைப் பூட்டும்வரை வராந்தாவில் நின்றுவிட்டு வந்தாள்.

பிறகு நானே அவளைத் தேனியில் ஒரு வக்கீலிடம் கூட்டிப் போனேன். காகிதங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "முன்னாடியே வந்திருக்கலாமே" என்றார். வேறு என்ன சொல்வார்? திரும்பும் வழியில் அவள் வாயே திறக்கவில்லை. எனக்குப் பயமாக இருந்தது.

மறு வருஷம் வீடு ஏலத்தில் போயிற்று. வீட்டைக் காலி பண்ண கோர்ட் அமீனா இரண்டு ஆட்களோடு வந்து வாசலில் நின்றார். வயசானவர். இவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஏதாச்சும் சொல்லணுமா ஆத்தா?" என்றார்.

மாயக்காள் கும்பிட்டாள். முதல் வண்டிப் பருத்தியிலிருந்து ஆரம்பித்து, யார் ஏற்றினார்கள், யார் இறக்கினார்கள், பலவேசம் என்ன சொன்னார் என்று ஒன்று விடாமல் சொன்னாள். தெருவே கூடி நின்றது. அமீனா வெயிலில் நின்று, குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார்.

"நீ சொல்றது நாயந்தான் ஆத்தா" என்றார்.

அப்புறம் ஆட்களைப் பார்த்து, முதலில் அடுப்படிச் சாமானை வெளியே எடுக்கச் சொன்னார்.