கடைசி ரெய்டுக்கு யார் உபயம்? காஞ்சிபுரத்தில் ஒரு கபடி நாள்

காஞ்சிபுரம் என்றதும் கோயில் பட்டியலும் பட்டுக்கடை விவரமும் தேடி இந்தப் பக்கத்துக்கு வந்தவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். போன மாசி அமாவாசை அன்று நான் அங்கே போனது பெண்கள் கபடி பார்க்க. கையில் இருநூறு ரூபாய் டிக்கெட் வேறு. அந்த விலையில் டிக்கெட் வாங்கிய ஒரே ஆள் நான்தான் என்பது போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரிந்தது.

காரணம் என் தங்கை தேன்மொழி. ஏனாத்தூர் பக்கத்தில் ஒரு சின்னக் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநர். அவள் பயிற்சி கொடுக்கும் பெண்கள் கபடி அணி, வெளி மாநிலத்தில் நடக்கும் கல்லூரிப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தது. அணியில் பன்னிரண்டு பேர். கல்லூரி ஏழு பேருக்குத்தான் பயணச் செலவு தரும் என்றுவிட்டது. களத்தில் இறங்குவது ஏழு பேர்தானே என்று கேட்டார்களாம். மீதி ஐந்து பேருக்கு ரயில், சாப்பாடு, தங்கல் எல்லாம் சேர்த்து ஆளுக்கு 4,800 ரூபாய், மொத்தம் 24,000. வேலூர்ப் பக்கத்துக் கல்லூரி அணி ஒன்றை அழைத்து, டிக்கெட் போட்டு ஒரு ஆட்டம் நடத்திப் பணம் திரட்டுவது என்று தேன்மொழி முடிவு செய்தாள். மறுநாள் காலை பத்து மணிக்குள் பெயர்ப் பட்டியலை அனுப்ப வேண்டும். பணம் வராவிட்டால் ஐந்து பெயரை அவளே தன் கையால் அடித்துவிட வேண்டும்.

தாம்பரத்தில் காலை ஏழு மணி சுமாருக்கு ரயில் ஏறினேன். டிக்கெட் இருபது ரூபாய். செங்கல்பட்டு வரை நிற்க இடமில்லை, அதற்கப்புறம் காலை நீட்டிப் படுக்கவே இடமிருந்தது. பாலூர் தாண்டியதும் இடது பக்கம் வயல்கள் நன்றாக இருக்கும், சன்னலைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒன்பது மணிக்குக் காஞ்சிபுரம். நிலையத்தை விட்டு வெளியே வந்த இரண்டாவது நிமிடமே, "பட்டு பாக்கலாமா மேடம், தறி விலைக்கே" என்று ஒருவர் பின்னால் வந்தார். கபடிக்கு வந்திருக்கிறேன் என்றதும் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த ஆளைத் தேடிப் போய்விட்டார். மிளகும் சுக்கும் போட்ட இட்லி இரண்டும் ஒரு காப்பியும் எழுபது ரூபாய். இட்லி அருமை. காப்பியைப் பற்றி ஒன்றும் சொல்வதற்கில்லை.

பேருந்து நிலையத்திலிருந்து கல்லூரிக்கு ஐந்து கிலோமீட்டர், ஷேர் ஆட்டோவில் இருபது ரூபாய். ஓட்டுநர் என் பையிலிருந்து எட்டிப் பார்த்த டிக்கெட்டைக் கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"கபடிக்கா மா? எங்க ஸ்டாண்டே வருது. நாங்கெல்லாம் அம்பது ரூபா."

"என்னோடது இருநூறு ரூபாய். மெத்தை நாற்காலி."

"அது வெளியூருக்காரங்களுக்கு மா," என்று சிரித்தார். எனக்கு அப்போது புரியவில்லை.

மைதானத்தில் தேன்மொழி கழுத்தில் விசிலும் கையில் டிக்கெட் புத்தகமுமாக நின்றாள். அவள் கணக்கு இதுதான். பின்னால் நின்று பார்க்க ஐம்பது ரூபாய். அது வேலூர் அணியின் வேன், சாப்பாடு, மைக்செட் செலவுக்குச் சரியாகப் போகும். முன்னால் சிவப்பு மெத்தை வைத்த நாற்காலி நூற்றிருபது. ஒன்று இருநூறு ரூபாய் வீதம் 24,000, அதாவது சரியாக ஐந்து பேர் செலவு. தாளில் பார்த்தால் குறையே சொல்ல முடியாது. ஐம்பது ரூபாய் டிக்கெட்டை அதற்குள் இருநூறு பேருக்கு மேல் வாங்கியிருந்தார்கள். இருநூறு ரூபாய் டிக்கெட்டில் என்னுடையது மட்டும்தான். கல்யாண மண்டபத்திலிருந்து வாடகைக்கு வந்த நாற்காலிகள் வெயிலில் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"விலையை நூறாக்கிடு," என்றேன்.

"நேத்தே நூறுக்குக் கேட்டுப் பார்த்தேன்க்கா. அதுக்கும் ஆள் இல்ல. இந்த ஊருக்கு என்னதான் பிரச்சினைன்னு தெரியல," என்றாள். அவள் அழுது நான் பார்த்துப் பல வருடமாகிறது. அன்றைக்கும் அழவில்லை, ஆனால் தூரமும் இல்லை.

அணித் தலைவி பவித்ரா நெசவாளர் வீட்டுப் பெண், பிள்ளையார்பாளையம். "எங்கப்பாவாண்ட கேட்டுப் பாக்கலாம் மேடம்" என்று அவள் சொல்ல, மூவருமாக ஆட்டோ பிடித்தோம். நூற்றைம்பது ரூபாய் கேட்டார், நூற்றிருபதுக்கு ஒப்புக்கொண்டார். எனக்குத் தறி ஓடுவதைப் பார்க்கலாம் என்று உள்ளூர ஒரு ஆசை. தெருவில் நுழைந்தால் சத்தமே இல்லை. அமாவாசை அன்று தறி ஓடாது, அதுதான் இங்கே விடுமுறை. ஆட்டத்தையே அதற்காகத்தான் அமாவாசையில் வைத்திருக்கிறார்கள். முதலில் ஞாயிற்றுக்கிழமை என்று தேன்மொழி சொன்னபோது பெண்கள் எல்லோரும் சிரித்தார்களாம்.

பவித்ராவின் அப்பா ஏகாம்பரம் வாசலிலேயே இருந்தார். தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார். தேன்மொழி டிக்கெட்டை நீட்டினாள்.

"அம்பது ரூபா டிக்கெட்டு நாலு வாங்கிட்டேனே மா," என்றார்.

"இது முன்வரிசைங்க. மெத்தை சேர்."

"அதாம்மா வேணான்றேன். தெருவுல வயசானவங்க பின்னாடி நின்னுக்கினு இருக்க சொல்லோ, நான் எரநூறு ரூபா குடுத்தேன்னு முன்னாடி போயி காலாட்டிக்கினு குந்தறதா? ஊர்ல இன்னா சொல்லுவாங்க? முன் சேருன்றது நம்மள கூப்ட்டு குந்த வெக்கறது. அத போயி காசு குடுத்து வாங்குவாங்களா?"

தேன்மொழி நீட்டிய டிக்கெட்டை மடக்கிக்கொண்டாள். நான் என்னுடையதைப் பைக்குள் ஆழமாகத் தள்ளினேன். அந்த டிக்கெட்டை வாங்கியவள் ஆயிற்றே.

பவித்ராதான் பேசினாள். "மேடம், எரநூறு ரூபா இல்லாம இல்ல. திருவிழாவுல எங்க தெரு உபயத்துக்கு வீட்டுக்கு ஆயிரம் குடுத்தோம். உபயம்னா குடுப்பாங்க மேடம். சேர விக்காதீங்க."

திருவிழாவில் ஒவ்வொரு நாள் செலவையும் ஒரு தெருவோ ஒரு தொழில்காரர்களோ ஏற்பார்கள், மைக்கில் 'இன்று இன்னார் உபயம்' என்று சொல்வார்கள். அதையே ஆட்டத்துக்கும் வைத்தால்? தேன்மொழி டிக்கெட் புத்தகத்தைப் பைக்குள் போட்டுவிட்டு, "அஞ்சு பொண்ணுங்க, அஞ்சு உபயம்," என்றாள்.

ஏகாம்பரம் உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார். தெருவில் ஒரு நடை போய் வர இருபது நிமிடம்கூட ஆகவில்லை. "எங்க தெரு ஒண்ணு எடுத்துக்குது. ஆனா மைக்ல நான்தான் சொல்லுவேன்," என்றார். திருவிழாவில் மைக் பிடிப்பவர் அவர்தானாம். தெரு முழுக்கப் பேச்சு பரவி, பின் தெருக்காரர்களும் ஒன்று கேட்டு வந்துவிட்டார்கள். அந்த வீட்டிலேயே சாப்பிட்டோம். வாழைக்காய்ப் பொரியலும் பருப்பும் இன்னும் நாக்கில் இருக்கிறது.

மூன்று மணிக்கு மைதானம் திரும்பினால் அங்கே வேறு சிக்கல். அந்த ஐந்து பேரில் ஒருத்தி வெண்ணிலா. மாகறலில் விவசாயக் குடும்பம், தினமும் பேருந்தில் வந்து போகிறவள். உபயச் செய்தி எங்களுக்கு முன்னமே அவளிடம் வந்து சேர்ந்திருந்தது.

"மேடம், என் பேர மைக்ல சொல்லி காசு கேக்காதீங்க. அப்டி போறதுக்கு நான் வூட்லயே இருந்துக்கறேன்," என்றாள். மற்ற நாலு பேரும் அவள் பக்கத்தில் வந்து நின்றார்கள்.

நானாக இருந்தால் அவளிடம் நியாயம் பேசியிருப்பேன். தேன்மொழி பேசவில்லை. "சரி," என்றாள். ஐந்து பேர் பெயரும் எழுதி வைத்திருந்த அட்டையைத் திருப்பிப் போட்டு, பேனாவால் ஆட்டத்தையே ஐந்தாகப் பிரித்தாள். டாஸ், முதல் பாதி, இடைவேளை, இரண்டாம் பாதி, கடைசி ரெய்டு. ஒவ்வொன்றும் 4,800. எதிலும் எந்தப் பெண்ணின் பெயரும் வேண்டாம். என் தங்கை இவ்வளவு பக்குவமானவள் என்று எனக்கு இத்தனை நாள் தெரியாது. விசில் ஊதுகிற வேலை என்று நானே வீட்டில் கிண்டல் செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது, அதைவிடப் பெருமையாக இருந்தது.

இரண்டு தெருக்காரர்களுக்கும் முதல் பாதிதான் வேண்டும் என்று ஒரு சின்ன இழுபறி. ஏகாம்பரம் நாணயம் சுண்டி முடித்து வைத்தார். அவர் தெருவுக்கு இரண்டாம் பாதிதான் கிடைத்தது, முகம் கொஞ்சம் சுருங்கியது. டாஸை ஆட்டோ ஸ்டாண்டு எடுத்துக்கொண்டது. இடைவேளை ஒரு ஜரிகைக் கடைக்காரருக்கு. கடைசி ரெய்டுக்கு ஆளில்லை.

நாலரைக்கு ஆட்டம். நின்றவர்கள் முந்நூறுக்குக் குறையாது. நாற்காலிகளில் ஆட்டக்காரிகளின் அம்மாக்களையும் வயதானவர்களையும் ஏகாம்பரம் மைக்கில் கூப்பிட்டுக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நூற்றிருபதும் பத்து நிமிடத்தில் நிறைந்தது. என் டிக்கெட்டைக் காட்டாமல் நான் பின்னால் போய் மைக் மேசை ஓரமாக நின்றுகொண்டேன். மாகறலிலிருந்து குட்டி யானை லோடு வண்டிகளில் முப்பத்திநாலு பேர், டிக்கெட் வாங்கிக்கொண்டு ஒரே கூட்டமாக வந்து இறங்கினார்கள். ஏகாம்பரம் ஒதுக்கி வைத்திருந்த நாற்காலியில் வெண்ணிலாவின் அம்மா நுனியில்தான் உட்கார்ந்தார்.

வேலூர்ப் பெண்கள் சாமானியப்பட்டவர்கள் இல்லை. முதல் பாதியில் நம் அணி ஆறு புள்ளி பின்தங்கியது. இடைவேளையில் ஏகாம்பரம், "கடைசி ரெய்டு உபயம் மட்டும் இருக்குது, பெரிய மனசு பண்ணுங்க," என்றார். யாரும் எழவில்லை. இரண்டாம் பாதி நடுவில் மறுபடி சொன்னார். தேன்மொழி களத்தைப் பார்க்காமல் கூட்டத்தைப் பார்த்தாள். மாற்று ஆட்டக்காரிகள் ஐந்து பேரும் ஓரத்தில் கைகோத்து உட்கார்ந்திருந்தார்கள். நாலு பேர் போகலாம், ஒருத்தி போக முடியாது. அது அவர்களுக்கும் தெரியும்.

ஐந்து நிமிடம் இருக்கும்போது தேன்மொழி வெண்ணிலாவை இறக்கினாள். முதல் ரெய்டிலேயே இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தாள். மாகறல் கூட்டம் போட்ட கூச்சலில் நடுவரின் விசில் கேட்கவில்லை. அப்போதுதான் அவள் அம்மா எழுந்து மைக் மேசைக்குப் போனார். நான் பக்கத்தில் நின்றதால் காதில் விழுந்தது.

"இப்போ ரெண்டாயிரத்து எரநூறு சேந்துக்குது. மிச்சம் காலைல மொத பஸ்ல வந்துரும். பொண்ணு பேரு வேணாங்க. ஊரு பேர மட்டும் சொல்லுங்க."

ஏகாம்பரம் ரூபாயை எண்ணவில்லை. "உபயம்னு வாயால சொல்ட்டா வந்த மாதிரிதான் மா," என்றார். மைக்கை எடுத்தார். "கடைசி ரெய்டு, மாகறல் ஊரார் உபயம்!"

களத்தில் நின்ற வெண்ணிலா திரும்பிப் பார்க்கவில்லை. நிமிர்ந்து நின்றாள், அவ்வளவுதான். கடைசி ரெய்டுக்கு அவள்தான் போனாள், ஒரு புள்ளியோடு திரும்பினாள். ஆட்டத்தை இரண்டு புள்ளியில் தோற்றோம். தோற்ற அணிக்கு அவ்வளவு கைதட்டலை நான் வேறெங்கும் கேட்டதில்லை. நானும் கை எரியும்வரை தட்டினேன். மறுநாள் முதல் பேருந்தில் மீதி 2,600 ரூபாய் வந்துவிட்டது. தேன்மொழி பன்னிரண்டு பெயரையும் அனுப்பினாள்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ரயில் குறைவு, திரும்பும் நேரத்தைக் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நான் மாலை ஏழு மணி வண்டியைப் பிடித்தேன். தறி பார்க்க வேண்டுமென்றால் அமாவாசையில் போகாதீர்கள், ஊர்க்காரர்களைப் பார்க்க வேண்டுமென்றால் அன்றைக்கே போங்கள். ரயில், ஆட்டோ, இட்லி எல்லாம் சேர்த்து எனக்கு ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது, அந்த இருநூறையும் சேர்த்துத்தான். உங்கள் ஊர்க் கல்லூரி விளையாட்டுக்கு இப்படிப் பணம் திரட்டுகிறவர்கள் நின்று பார்ப்பதற்குத் தாராளமாக விலை வையுங்கள். முன் நாற்காலிக்கு மட்டும் வைக்காதீர்கள். அதில் யாரை உட்கார வைப்பது என்று உள்ளூர்க்காரர் ஒருவரிடம் கேளுங்கள்.

இரண்டு வாரம் கழித்து வெளி மாநிலத்திலிருந்து தேன்மொழி போன் செய்தாள். பின்னால் பெண்கள் போடும் சத்தத்தில் அவள் பேச்சே சரியாகக் கேட்கவில்லை. இரண்டாவது ஆட்டத்தில் பவித்ராவுக்குக் கணுக்கால் பிசகிவிட்டதாம், வெண்ணிலா இறங்கி ஆட்டத்தை முடித்துக் கொடுத்தாளாம், காலிறுதிக்குப் போய்விட்டார்களாம்.

"அக்கா, ஏழு பேரோட வந்திருந்தா இன்னிக்கு ஆறு பேரோட ஆடியிருப்போம்," என்றாள்.