பறவைக்கு ஆகாத காடை

என் வீட்டுக்காரர் ஓர் அரபி வீட்டில் டிரைவர். அந்த வீட்டில் ராஜாளிப் பறவைகள் வளர்க்கிறார்கள். அவற்றுக்கு இரை வாங்கி வருவதும் இவர் வேலைதான். இரை என்றால் காடை. ஊருக்குள் திரியும் புறாவைக் கண்ணில்கூடக் காட்டமாட்டார்கள். புறாவின் தொண்டையில் இருக்கும் சீக்கு ராஜாளிக்கு ஒட்டிக்கொள்ளுமாம். பறவைகளைப் பார்த்துக்கொள்ளும் பாகிஸ்தான்காரர் ஒவ்வொரு தடவையும் காடைப் பண்ணைக்குப் போன் போட்டு, என்ன தீனி போட்டாய், என்ன மருந்து கொடுத்தாய் என்று துருவுவாராம். இவர் அதை என்னிடம் நடித்துக் காட்டுவார். "பொண்ணு பாக்க வந்த மாமியார்கூட இவ்வளவு கேக்க மாட்டா" என்பார். நானும் வயிறு வலிக்கச் சிரிப்பேன்.

துபாயில், தேராப் பகுதியில் எங்களுக்கு ஒற்றை அறை. வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் வீடு மாற்றி வீடு நடக்கும். போன கோடையில் எங்கள் முறை மாதக் கடைசியில் வந்தது. சாம்பாரோடு ஒப்பேற்றிவிடலாம் என்றிருந்தேன். முந்தின நாள் இவர் ஒரு பெட்டி நிறையக் காடை கொண்டுவந்து ஃப்ரீசரில் அடுக்கினார். "அங்க வேண்டாம்னுட்டாங்க. கெடக்கட்டும், பையப் பைய ஆக்குவோம்" என்றார். ஏன் வேண்டாம் என்றார்கள் என்று நான் கேட்கவில்லை. கர்த்தர் அனுப்பினது என்று அங்கேயே நின்று ஸ்தோத்திரம் சொன்னேன்.

மறுநாள் அத்தனையையும் இறகு பிடுங்கி, மிளகு தட்டிப்போட்டு வறுத்தேன். கூட்டத்தில் சாட்சி சொல்லும்போது, "வனாந்தரத்துல இஸ்ரவேல் ஜனங்களுக்குக் காடை அனுப்புனவரு தேராவுக்கும் அனுப்பிட்டாரு" என்றேன். எல்லாரும் ஆமென் என்றார்கள். எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

வந்தவர்களில் ஒரு பிள்ளைத்தாச்சி இருந்தாள். நாலு மாதம். தண்ணீர் குடித்தாலும் குமட்டும் அவளுக்கு. "மைனி, இன்னைக்குத்தான் ஒரு வாய் ருசியா எறங்குது. இன்னொண்ணு வையுங்க" என்றாள். வைத்தேன்.

அப்போதுதான் இவர் டியூட்டி முடிந்து வந்தார். தட்டுகளைப் பார்த்தவர் என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார்.

"ஏட்டி, எல்லாத்தையுமா ஆக்கிட்ட?"

"ஏன், என்ன?"

"பண்ணையில அந்தக் காடைக்கு ஏதோ சீக்குன்னு மருந்து குடுத்திருக்கான். கறியில மருந்து நிக்குமாம். பறவைக்குப் போடக் கூடாது, குப்பையில போடுன்னாங்க. ஆண்டவர் குடுத்த ஆகாரத்த எப்படிக் குப்பையில போட? நாம ரெண்டு பேரும் தின்னா என்ன ஆயிரப்போகுதுன்னு..."

"அங்க பிள்ளைத்தாச்சி தின்னுக்கிட்டிருக்கா."



சும்மா இருந்துவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த நினைப்புக்கே நான் இன்னும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெளியே வந்து அவள் கையிலிருந்த தட்டை வாங்கினேன். சாப்பிடுகிறவள் தட்டைப் பிடுங்குவதைவிட ஒரு வீட்டுக்காரிக்குக் கேவலம் என்ன இருக்கிறது? அவள் ஏதோ விளையாட்டு என்று சிரித்தாள். நான் எல்லாரிடமும் உள்ளதைச் சொன்னேன். கைகள் அப்படியே நின்றன.

வயதான அக்கா ஒருவர், "ஏம்மா, பருந்துக்கே ஆகாதுன்னதையா எங்களுக்கு ஆக்கிப் போட்ட?" என்றார்.

"வனாந்தரத்துல காடை தின்னவங்க பொறவு வாதை வந்து செத்ததையும் சாட்சியில சொல்லியிருக்கணும்லா மைனி" என்றார் ஓர் அண்ணாச்சி. ரெண்டு பேர் சிரித்தார்கள். பிள்ளைத்தாச்சி எழுந்து குளியலறைக்கு ஓடினாள். அவள் ஓங்கரிக்கும் சத்தம் கேட்கக் கேட்க, அவள் தட்டைப் பிடித்தபடி நான் நின்றேன்.

மறுநாள் நாங்களே அவளை டாக்டரிடம் கூட்டிப்போனோம். பயப்பட ஒன்றுமில்லை என்றார். வேறு யாருக்கும் எதுவும் ஆகவில்லை. கர்த்தருடைய கிருபை. ஆனாலும் அன்று கூட்டத்துக்கு வந்தவர்களை ரோட்டில் பார்த்தால் எனக்குத் தலை தானாகத் தாழ்ந்துவிடும்.

திரும்ப எங்கள் முறை வந்தபோது சோறு, சாம்பார், ஒரு பொரியல், அவ்வளவுதான் வைத்தேன். எல்லாரும் வந்தார்கள், அவளும் வந்தாள். தட்டை மடியில் வைத்துக்கொண்டு, "மைனி, இதுல என்னென்ன போட்டிருக்கீங்க?" என்று மெதுவாகக் கேட்டாள். குத்திக்காட்டவில்லை. வயிற்றில் பிள்ளை இருக்கிறது, கேட்டாள்.

பருப்பு எந்தக் கடை, காய் என்றைக்கு வாங்கினது, எல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தடவை எங்கள் இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. அவள் சோற்றில் கை வைக்கும்வரை நான் நிமிரவே இல்லை.