ஐந்து மணித்தியாலமாம்

நிப்றாஸிடம் போய், "றியாதிலிருந்து வர எத்தனை மணித்தியாலம்?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பதினெட்டு வருடமாகக் கல்முனைக்கும் கட்டுநாயக்க விமான நிலையத்துக்கும் இடையில் வேன் ஓட்டுகிற மனுஷன். வேனுக்குள் யாராவது சத்தியெடுத்தாலும் முகம் சுளிக்காதவர், இந்தக் கேள்விக்கு மட்டும் எரிந்து விழுவார்.

எரிந்து விழத்தான் வேண்டும். போன வருடம் ஒருநாள் மாலை மஃரிபுத் தொழுகைக்குப் பிறகு ஸகியாவின் உம்மா மௌத்தானார். ஏழு வருடமாக றியாதில் வீட்டு வேலை செய்த ஸகியா, எசமானியிடம் கெஞ்சிக் கூத்தாடி, இரவு ஒரு மணிக்குப் புறப்படும் விமானத்தில் வருவதாகத் தம்பி றிபாத்துக்குச் சொன்னாள். "உம்மாட முகத்தக் காட்டாம எடுத்திராத" என்றும் சொன்னாள். எங்கள் ஊரில் அடக்கம் செய்கிற மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. உடலைச் சுமக்கும் சந்தூக்கு வாசலைத் தாண்டினால் மகளுக்கு அதோடு சரி.

படித்த தம்பி போனில் தட்டிப் பார்த்தான். றியாதிலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய நாலாயிரம் கிலோமீற்றர், ஐந்து மணித்தியாலம். காலை ஆறுக்கு இறங்குவாள், றோட்டால் எட்டு மணித்தியாலம், பகல் இரண்டுக்கு வீட்டில் நிற்பாள். பின்னேரம் மூன்றரை அஸறுத் தொழுகையோடு ஜனாஸா அடக்கம் என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் சொல்லியாயிற்று. அவள் சொன்ன ஒரு மணி சவூதி நேரம், இங்கே அப்போது மூன்றரை என்பது அந்தப் புத்திசாலிக்குத் தோன்றவேயில்லை. வீட்டுக்கு வீடு ஒருவர் வெளிநாட்டில் இருக்கிற ஊரில் இப்படியொரு கணக்கு.

எட்டரைக்கு இறங்கியவளை ஏற்றிக்கொண்டு நிப்றாஸ் எட்டு மணித்தியால றோட்டை ஏழில் முடிக்கப் பார்த்தார். உகணையில் வரும்போது றிபாத்தின் போன் வந்தது.

"எங்க நானா நிக்கிறீங்க? அஸறு தொழுதிட்டு எடுக்கப் போறம்."

"உகணையில. இன்னும் ஒரு மணித்தியாலம். வச்சிரு."

"ஊருக்கெல்லாம் சொல்லியாச்சி. மையித்த வச்சிருக்கப்படாதெண்டு பெரியாக்கள் சொல்றாங்க."

"ஊருக்கா உம்மா? இவக்கும் உம்மாதானேடா."

றிபாத் போனை வைத்துவிட்டான். சீக்கிரம் அடக்குவது நல்லதுதான், யார் இல்லை என்றது? முதல் நாளிலிருந்து பொறுத்தவர்களுக்கு ஒரு மணித்தியாலம் பொறுக்க என்ன வந்தது? நினைத்தால் எனக்கே வயிறு எரிகிறது.

நாலரைக்கு வேன் வாசலில் நின்றது. உம்மாவைக் கிடத்தியிருந்த கட்டில் வெறுமையாகக் கிடந்தது.

"அஞ்சி மணித்தியாலமெண்டுதான் ராத்தா போட்டிருந்திச்சி" என்று, அடக்கிவிட்டு வந்து நின்ற றிபாத் ஸகியாவிடம் போனை நீட்டினான்.

"ஏழு வருசம் உம்மா எனக்காகப் பாத்திட்டு இருந்தா. உனக்கு ஒரு மணித்தியாலம் ஏலாமப் போச்சு" என்றாள் ஸகியா. பிறகு நிப்றாஸின் பக்கம் திரும்பினாள்.

"நானா, நீங்க ஆம்பிள. உங்களுக்குப் போகலாம். நான் வந்துட்டனெண்டு உம்மாக்கிட்டச் சொல்லுங்க."

நிப்றாஸ் மையவாடிக்குப் போய், அந்தப் புது மண்ணுக்கு முன்னால் நின்று சொன்னார்.