கைமா மெஷினும் கழுவிய இறைச்சியும்

1. வாப்பாவின் வாயில் கட்டி இருப்பது தெரிந்தது.
2. கதிர்வீச்சு கொடுப்பதற்கு முன்னால் மிச்சமிருந்த பற்களை எல்லாம் பிடுங்கினார்கள்.
3. சிகிச்சை தொடங்கியது. திங்கள் முதல் வெள்ளி வரை காரில் திருவனந்தபுரம் போய் வந்தோம்.
4. வாப்பா மெலிந்தார். எடை இன்னும் குறைந்தால் மூக்கு வழியாக டியூப் போட்டு அதில்தான் உணவு என்று மருத்துவர் சொன்னார்.
5. டியூப் போட்டால் அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்கே வரமாட்டேன் என்று வாப்பா சொன்னார்.
6. கஞ்சி, முட்டை, மீன் எல்லாவற்றையும் தள்ளி வைத்தார். எருமைக்கறி, எங்கள் பேச்சில் போத்திறைச்சி, என்றால் மட்டும் தலையைத் திருப்பிப் பார்த்தார்.
7. உம்மா வெந்த இறைச்சியை மிக்சியில் அடித்துக் கொடுத்தாள். வாப்பா துப்பினார்.
8. பக்கத்து வீட்டு மாமியின் கட்டிலுக்கு அடியிலிருந்து, இறைச்சியைப் பொடியாக அரைக்கும், கையால் சுற்றும் கைமா மெஷின் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தது.

இப்படி எண் போட்டு எழுதினால் எல்லாம் ஒழுங்காக நடந்தது போலத் தெரிகிறது. அந்த வாரங்களில் எங்கள் வீட்டில் யாரும் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்ததாக எனக்கு நினைவில்லை. எங்கள் வீடு தேங்காய்ப்பட்டணத்தில், துறைமுகத்துக்குப் போகும் சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே. காலையில் கார், திரும்பக் கார், வந்ததும் நான் லேப்டாப்பைத் திறக்க வேண்டும். படித்தது மெக்கானிக்கல். தண்ணீர் பம்புகளின் உதிரிபாகங்களைக் கணினியில் வரைவது வேலை. ஒரு பாகத்தை வரைந்துகொண்டிருக்கும்போதே எழுந்து போய் வாப்பாவின் தட்டைப் பார்ப்பேன். வைத்தது வைத்தபடி இருக்கும். திரும்பி வந்து உட்கார்ந்தால் எந்தக் கோட்டில் நிறுத்தினேன் என்பது மறந்திருக்கும்.

எடை பார்க்கும் மெஷின் ஒன்று வாங்கினேன். எந்த டைலில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அது வேறு வேறு எடை காட்டியது. சமமாக இருந்த டைல் ஒன்றைத் தேடிப் பிடித்து, மெஷினின் நான்கு மூலைக்கும் பென்சிலால் கோடு போட்டேன். தரை துடைக்கும்போது உம்மா அதை அழித்துவிடுவாள். மறுபடியும் போடுவேன். வாப்பா மெஷின்மேல் ஏறி நின்றதும் கீழே பார்க்கமாட்டார், என் முகத்தைப் பார்ப்பார். அதனால் முகத்தை அசையாமல் வைத்துக்கொள்ளப் பழகினேன். நல்ல நிதானமான பொண்ணு என்று பார்க்க வந்தவர்கள் உம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

சிகிச்சை நேரத்தில் தலை அசையாமல் இருக்க, வாப்பாவின் முகத்துக்கு அளவெடுத்து பிளாஸ்டிக் வலை ஒன்று செய்திருந்தார்கள். முதல் வாரம் கன்னத்தில் அதன் தடம் பதிந்திருந்தது. பிறகு கன்னம் ஒடுங்க ஒடுங்க அந்தத் தடம் மங்கிக்கொண்டே வந்தது. எடை மெஷினைவிட அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

மிக்சியில் அடித்த இறைச்சியை வாப்பா ஒரே ஒரு முறைதான் வாயில் வைத்தார்.

“இது எறச்சியாட்டி? செவருக்குப் பூசுற சாந்துல்லா?”

வாய் வறண்டு, பேச்சு குழறிக்கொண்டிருந்தது. கேலி மட்டும் தெளிவாக வந்தது. அவர் சொன்னதும் சரிதான். மிக்சி இறைச்சியைக் குழைத்துவிடுகிறது. எச்சில் இல்லாத வாயில் அது அண்ணத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. பொடிப்பொடியாக, நாக்குக்குத் தட்டுப்பட்டு, ஈறால் ஒரு அழுத்து அழுத்தினால் உடைகிற மாதிரி வேண்டும் அவருக்கு. அதற்குக் கைமாதான் சரி. கடையில் அரைத்துத் தரச் சொல்லி வாங்கி வந்தேன்.

உம்மா அதை அரிப்புச் சல்லடையில் கொட்டி பைப்புக்கு அடியில் பிடித்தாள்.

இறைச்சி எங்கள் வீட்டுக்குள் வந்தால் முதலில் பைப்படிக்குத்தான் போகும். தண்ணீர் தெளியும் வரை கழுவுவாள். துண்டுகளாக இருந்தவரை அதில் எந்தத் தொந்தரவும் இல்லை. கைமாவைக் கழுவினால் கதை வேறு. முதலில் சிவப்பாக, பிறகு பால் கலந்ததுபோல வெளுப்பாக, எல்லாம் சிங்க் வழியாகப் போனது. அரிப்பில் மிஞ்சியது நனைந்த மரத்தூள்.

“உம்மா, சத்தெல்லாம் போவுது பாருங்க.”

“அது சத்தா? ரத்தம். கடைக்காரன் கழுவிட்டா அரைக்கியான்? அப்படியே தள்ளி விடுதான். ஈ மொய்ச்சதும் சேந்துல்லா கெடக்கு.”

“அதுல இருக்கிற கொழுப்புதான் வாப்பாக்கு வேணும்.”

“வயித்துக்குப் பிடிக்காம போனா? ஆஸ்பத்திரிக்காரன் வந்து கழுவுவானா?”

இதில் அவளை அசைக்க முடியாது என்று எனக்குத் தெரியும். அப்படியென்றால் வரிசையை மாற்ற வேண்டும்: கழுவுவது முதலில், அரைப்பது பிறகு. அரைப்பது வீட்டில் நடந்தால்தான் இது முடியும்.

பக்கத்து வீட்டு மாமி, இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். மறுநாள் பழைய போர்வையில் சுற்றிய ஒரு பாரத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“எங்க வீட்டுல உள்ளவரு சவுதிலேருந்து கொண்டு வந்தது. ஒரு தடவ கட்லெட் போட்டேன் மக்கா. பொறவு இத யாரு கழுவ? கட்டிலுக்கடியில தள்ளிட்டேன். நீ வச்சுக்கோ. திரும்பக் கொண்டு வந்தியோ, உன்கிட்ட மிண்டமாட்டேன்.”

இரும்பு வார்ப்பு. மேலே வாய், உள்ளே ஒரு திருகு, திருகின் நுனியில் சிலுவைபோல ஒரு பிளேடு, அதற்கு முன்னால் துளைகள் போட்ட தட்டு, எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் வளையம். பின்னால் கைப்பிடி, அடியில் மேசை விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப். பார்த்ததும் புரிந்தது. திருகு தள்ள வேண்டும், பிளேடு அறுக்க வேண்டும், தட்டு வழியே வெளியே வர வேண்டும்.

மாட்டுவதற்கு இடம்தான் கிடைக்கவில்லை. அடுக்களைக் கல்லின் விளிம்பு கீழ்நோக்கி மடிந்திருந்தது, கிளாம்ப் பிடிக்கவில்லை. சாப்பாட்டு மேசை கண்ணாடி. வீடு முழுவதும் மெஷினைத் தூக்கிக்கொண்டு அலைந்து, கடைசியில் முன்னறையில் வாப்பாவின் கட்டிலை ஒட்டிக் கிடந்த மரப் பெஞ்சில் மாட்டினேன். வாப்பா எழுந்து சாய்ந்து உட்கார்ந்தார். வெகு நாளைக்குப் பிறகு வீட்டில் அவர் பார்ப்பதற்கு ஏதோ ஒன்று நடந்தது.

உம்மா கழுவித் தந்த இறைச்சியைத் துண்டு போட்டு மெஷினின் வாயில் திணித்துச் சுற்றினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு கைப்பிடிப் பக்கமிருந்து சிவந்த தண்ணீர் ஒழுகி என் பாதத்தில் சொட்டியது. முன்பக்கம் சளசளவென்று ஏதோ பிதுங்கியது. அதோடு கைப்பிடி நின்றுவிட்டது.

“பம்பு வரைக்கிய பிள்ளையாக்கும்,” என்றார் வாப்பா. “வெள்ளம் முன்னால வரணுமா, பின்னால வரணுமா?”

“வாப்பா, மிண்டாம இரிங்க.”

“நான் என்னத்துக்கு மிண்டுதேன். கம்பெனிக்காரன்கிட்ட சொல்லிராத.”

கழற்றிப் பார்த்தேன். நரம்பும் சவ்வும் பிளேடில் நூல்போலச் சுற்றிக் கிடந்தன. பிளேடை நான் திருப்பி மாட்டியிருந்தேன். தட்டையான பக்கம் துளைத் தட்டோடு ஒட்டி இருக்க வேண்டும். அதைச் சரிசெய்துவிடலாம். தண்ணீர்தான் பெரிய தொல்லை. கழுவின ஈரத்தோடு போட்டால் திருகுக்குப் பிடிமானம் இல்லை, இறைச்சி வழுக்கிக்கொண்டு அங்கேயே சுழல்கிறது.

அடுத்த முறை, கழுவியதைப் புதுத் துவர்த்துத் துண்டில் கட்டித் தொங்கவிட்டேன். தண்ணீர் வடிந்ததும் ஒற்றியெடுத்து, ஓரம் விறைக்கும் வரை ஃபிரீசரில் வைத்தேன். சவ்வை எல்லாம் பிச்சாத்திக் கத்தியால் வகுந்து எடுத்தேன். இந்த முறை மெஷின் சொன்னபடி கேட்டது. துளைகள் வழியே சிவப்பும் வெள்ளையுமாக இழை இழையாக இறங்கியது. வாப்பா விரலை நீட்டி, வருது பார், வருது பார் என்பதுபோல ஆட்டினார்.

அதற்குள் அலுவலகத்திலிருந்து அழைப்பு. பாத்திரத்தை அடுக்களையில் வைத்துவிட்டு உள்ளே போனேன். பேசி முடித்துத் திரும்பி வந்தபோது பைப்பு ஓடிக்கொண்டிருந்தது. உம்மாவின் கையில் அரிப்பு. சிங்க்கில் வெள்ளைத் தண்ணீர்.

“உம்மா!”

“என்னட்டி?”

“கழுவினதத்தானே அரைச்சேன்? நீங்கதான கழுவுனீங்க?”

“எறச்சிய நான் கழுவுனேன். மிசின யாரு கழுவுனா?”

“நான் கழுவினேன்.”

“உள்ளயுமா? எனக்குத் தெரியாதே. அவ கட்டிலுக்கடியில எத்தன காலம் கெடந்ததோ.”

செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே இறங்கி நடந்தேன். துறைமுகத்தில் ஏலம் நடந்துகொண்டிருந்தது. ஐஸ் பெட்டிகளுக்கு நடுவே நிற்க இடமில்லை, நின்றால் யாராவது தள்ளு தள்ளு என்றார்கள். ஆறு கடலில் சேரும் இடம் வரை போய்த் திரும்பினேன். வீட்டு வாசல் வந்ததும் உள்ளே போகப் பிடிக்காமல் மறுபடியும் ஆறு வரை போனேன். அன்றைக்கு வாப்பா இரண்டு வாய் கஞ்சிதான் குடித்திருந்தார். மறுநாள் ஆஸ்பத்திரியில் எடை பார்க்கும் நாள். டியூப் என்ற சொல்லை மருத்துவர் இன்னொரு முறை சொன்னால், வாப்பா எழுந்து காரில் போய் உட்கார்ந்துவிடுவார். அவரைப் பிடித்து நிறுத்த உம்மாவாலும் முடியாது, என்னாலும் முடியாது.

நடக்க நடக்க உம்மா கேட்ட “உள்ளயுமா?” காதில் இருந்தது. ஒரு பொருளைக் குறுக்கே வெட்டி, உள்ளே என்ன இருக்கிறது என்று வரைவதுதான் என் வேலை. அந்த மெஷினின் உள்பக்கம் என் கண்ணுக்கு எப்போதும் தெரிந்துகொண்டே இருந்தது. உம்மா பார்த்தது வேறு. அவள் சுத்தமாகக் கழுவிக் கொடுத்த இறைச்சி, அடுத்தவர் வீட்டிலிருந்து வந்த ஒரு இருட்டுக்குள் போய் வேறு உருவில் வெளியே வந்தது. வந்ததும் கழுவினாள்.

வீட்டுக்கு வந்து, மெஷினை அடுக்களைக்குத் தூக்கிக்கொண்டு போய், உம்மாவின் முன்னால் ஒவ்வொரு பாகமாகக் கழற்றி வைத்தேன். அவள் குனிந்து பார்த்தாள். திருகை எடுத்து மூக்கருகில் பிடித்தாள். வளையத்தின் உள்வரிகளில் ஈர்க்குச்சியை விட்டுச் சுரண்டினாள். கறுப்பாக ஏதோ உதிர்ந்தது.

“பாத்தியா? பாத்தியாட்டி? கழுவுனாளாம்!”

அவள் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அந்த வரிகளுக்குள் நான் கைவைக்கவே இல்லை என்பது உண்மை. தண்ணீரைக் கொதிக்க வைத்து எல்லாவற்றையும் போட்டாள். புளி போட்டுத் தேய்த்தாள், துடைத்தாள், தேங்காயெண்ணெய் தடவினாள். எதற்குப் பிறகு எது என்று என்னிடம் கேட்டுக் கேட்டு அவளே பூட்டினாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் எடை இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தது, ஒரு வாரம் பார்ப்போம் என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்ததும் அவளே கழுவி, அவளே துவர்த்தில் கட்டி, கைப்பிடியையும் அவளே பிடித்துக்கொண்டாள். யாரிடமோ உள்ள கோபத்தில் சுற்றுவதுபோல வேகமாகச் சுற்றினாள்.

“பைய, பைய,” என்றார் வாப்பா. “மிசினு பறந்து போயிரும்.”

“நீங்க சும்மா கெடங்க.”

இழை இறங்க இறங்கக் குனிந்து குனிந்து பார்த்தாள். முடிந்ததும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பைப்படிக்குப் போனாள். நான் பின்னாலேயே போனேன். சிங்க் பக்கத்தில் ஒரு கணம் நின்றாள். பிறகு பாத்திரத்தை அடுப்பருகில் வைத்துவிட்டுத் தேங்காயை உடைத்தாள்.

மிளகாய் கிடையாது. தேங்காய்ப்பால், கொஞ்சம் உள்ளி வெங்காயம், பேருக்கு மஞ்சள். வாப்பா கரண்டியின் நுனியால் எடுத்து வைத்தார். நாங்கள் இரண்டு பேரும் எதிரில் நின்று அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தோம். விழுங்கினார். இன்னொரு கரண்டி எடுத்தார்.

“உப்பு பத்தல்ல.”

அவருக்கு ருசி தெரியாமல் போய் வாரங்கள் ஆகிவிட்டன. அது மூன்று பேருக்கும் தெரியும். உம்மா ஓடிப்போய் உப்பு டப்பாவை எடுத்து வந்தாள்.

அதற்குப் பிறகு எல்லா நாளும் அப்படிப் போகவில்லை. சில நாள் வாயெல்லாம் புண்ணாகி, தேங்காய்ப்பாலே எரிகிறது என்று தட்டைத் தள்ளினார். சில நாள் பாதி சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுத்தார். சாப்பிடாத நாளில் உம்மா அடுக்களைக்கும் முன்னறைக்கும் நடப்பாள், நான் அறைக்கும் முன்னறைக்கும் நடப்பேன். “ஏதாவது ஒருத்தி இரிங்களேன், தல சுத்துது,” என்பார் வாப்பா.

இன்றைய நிலை இது. சிகிச்சை முடிய இன்னும் சில நாட்கள் இருக்கின்றன. வாப்பாவின் எடை கூடவில்லை. இரண்டு வாரமாகக் குறையவும் இல்லை. டியூப் வேண்டாம் என்று மருத்துவர் சொல்லவில்லை. அடுத்த திங்கள்கிழமை பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கிறார். வாப்பா இன்னும் காரில் ஏறி ஆஸ்பத்திரிக்கு வருகிறார்.