சேலத்துப் பல் வலி

இன்று மதியம், சேலத்திலிருந்து ராசிபுரம் போகும் பஸ். ஜன்னலில் வெயிலும் தென்னை நிழலும் மாறி மாறி ஓடின. பாதி பஸ் தூங்கியது. நானும் அரைத் தூக்கத்தில், குளத்து நீரில் கிடப்பவன் போல மிதந்துகொண்டிருந்தேன்.

முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும். மனநல மருத்துவரைப் பார்த்துவிட்டு வருகிறார்கள் என்பது அவர்கள் தாழ்ந்த குரலில் பேசியதிலிருந்தே தெரிந்தது.

“இந்த மாத்திரைய வெளிய வீசிப்போடறேன். தங்கச்சிக்கு மாப்ள பாக்கற நேரத்துல எனக்குப் பைத்தியம்னு பேராயிரும்,” என்றார் கணவர்.

“போர் போடற ரிக்கு வண்டி வேலைக்குப் போயிட்டு வந்ததுல இருந்து தூங்கவே இல்லீங்க நீங்க. பேசாம இருங்க.”

மல்லூரில் ஒரு அக்கா ஏறினார். அவர்கள் ஊர்க்காரர்.

“ஏனுங்க தம்பி, சேலத்துல என்ன சோலி?”

“அவருக்குப் பல்லு வலிங்கக்கா,” என்றாள் மனைவி. கணவர் உடனே கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

டிரைவர் பிரேக் போட்டதில் மாத்திரை அட்டை கீழே விழுந்தது. அக்கா எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். கணவர் கன்னத்தை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

“இந்தப் பல்லு வலிக்கு நானும் இதையேதான் முழுங்கறேன்,” என்றார் அக்கா மெதுவாக. “நடுவுல நிறுத்திப்புடாதீங்க தம்பி.”

கணவர் அட்டையை வாங்கிச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

குடித்துவிட்டு ரோட்டில் கிடப்பவனுக்கு இங்கே பெண் கொடுக்கிறார்கள். தூக்கம் வரவில்லை என்று டாக்டரிடம் போனால் குடும்பத்துக்கே பைத்தியப் பட்டம்.

எங்கள் பக்கம் மனசுக்கு மருந்து வாங்கப் பல்லைப் பிடித்துக்கொண்டு போகிறோம். உங்கள் ஊரில் எதைப் பிடித்துக்கொண்டு போகிறீர்கள்?