மேசன் என்று சொன்னார்கள்

அன்று கல்வராயன் மலையில் அந்தச் சுவரடியில் இருந்தவர்கள் இவர்கள். நான், கொத்தனார். என் மனைவி, எனக்குச் சித்தாள். காண்ட்ராக்டர். கட்டடத்துக்கு இடம் கொடுத்த மலையூர்ப் பெரியவர். சேர்மனின் கார் டிரைவர். சேர்மன். ஆறு பேர்தான். பிறகு ஊரில் ஆளாளுக்குத் தானும் அங்கே இருந்ததாகச் சொன்னார்கள். அதனால் இதை முதலில் எழுதுகிறேன்.

சேர்மன் என்றால் கள்ளக்குறிச்சி சேர்மன். ரைஸ் மில் வைத்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது சின்னவர். அவர் மில்லில் நெல் காயப்போடும் களத்தை நான்தான் போட்டேன். வேலை முடிந்த அன்று ஒரு குடம் தண்ணீரை நடுக்களத்தில் ஊற்றிவிட்டு, அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றார். எங்கும் தேங்கவில்லை. உள்ளே போனார். அடுத்த வேலைக்கும் எனக்கே ஆள் அனுப்பினார்.

எங்கள் தெருவுக்கு முதல் குழாய் அவர் போட்டது. அதுவரை எங்கள் பெண்கள் அடுத்த தெருக் கிணற்றடியில், யாராவது இறைத்து ஊற்றும்வரை குடத்தோடு நிற்பார்கள். குழாய் திறந்த அன்று பூமாலை இல்லை, மைக் இல்லை. திருகினார். தண்ணீர் வந்தது. கையில் பிடித்துக் குடித்துவிட்டுப் போனார். அவர் தெருக்காரர் ஒருவர் எங்கள் தெருவில் தண்ணீர் குடித்து நான் பார்த்தது அதுதான் முதல்.

மாதத்தில் ஒரு நாள் கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு காரில் வெளியூர் போவார். கையில் தட்டையாக ஒரு தோல்பை. டீக்கடையில் அந்தப் பையைப் பற்றித்தான் பேச்சு.

"எங்க போறாரு தெரியுமா? தலைவெட்டிக் கோயிலுக்கு. கதவ சாத்திக்கினு உள்ள பூசை பண்றாங்கோ."

"இன்னா பூசை?"

"உள்ள போனவன் வெளிய சொல்லக்கூடாது. சொன்னா தலை போயிரும்."

"அப்ப ஒனக்கு யார்ரா சொன்னது? ஒருத்தன் தலை இல்லாம வந்து சொன்னானா?"

ஒருநாள் டிரைவரைக் கேட்டேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல மேஸ்திரி. அது மேசன் சங்கம். நம்ம சேர்மன் மேசன். பையில மூலமட்டம் படம் போட்ட துணி ஒண்ணு இருக்குது, இடுப்புல கட்டிக்குவாரு" என்றான்.

இன்ஜினியர்கள் எங்களை மேசன் என்றுதான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவில் என் பெயருக்கு எதிரே அப்படித்தான் எழுதியிருக்கும். மூலமட்டம் நாங்கள் சுவர் மூலை பார்க்கிற சட்டம். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சேர்மன் நம்ம தொழில்காரர். சின்ன வயதில் கொத்துக்கரண்டி பிடித்திருக்கிறார். அப்புறம் மில் வைத்திருக்கிறார். தொழிலை மறக்காமல் மாதம் ஒரு முறை சங்கத்துக்குப் போகிறார். வெளியே சொல்லக் கூச்சம். எனக்குப் பெருமையாக இருந்தது. மனைவியிடம் மட்டும் சொன்னேன்.

"கையப் பாத்தா அப்பிடித் தெரியலயே" என்றாள்.

அந்தச் சங்கத்தார் சேர்ந்து மலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் தங்க ஒரு ஹாஸ்டல் கட்டிக் கொடுத்தார்கள். மழைக்காலத்தில் ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் பிள்ளைகள் பள்ளிக்கு வர முடியாது. அதற்காக. பொறுப்பு சேர்மனுடையது. வேலை எனக்கு வந்தது. மணலூர்பேட்டைச் சூளைச் செங்கல் லாரியில் ஏறியது. ஓட்டுக்கூரை. திறப்புக்கு நாள் குறித்தார்கள். அதற்கு அடுத்த வாரம் ஊரில் தேர்தல்.

எதிர்த்து நின்றவர்கள் ஒரே பேச்சைப் பிடித்துக்கொண்டார்கள். தலைவெட்டிக் கோயில்காரன் மலையில் கட்டடம் கட்டுகிறான், கடைக்காலில் தலை வைக்கத்தான் கட்டுகிறான் என்று. சேர்மன் மேடையில் அதற்குப் பதில் சொல்லவில்லை. "பேசி ஆவாது. தெறந்து காட்டுவோம். பஸ் வச்சி ஜனங்கள இட்டுக்கினு போவோம். வந்து பாத்துக்கட்டும்" என்றார். அவருக்கு இருந்த ஒரே பதில் அந்தக் கட்டடம்.

நான் அதுவரை மலையில் வேலை செய்ததில்லை. அங்கே காற்று நிற்காது. சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்க நூலில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் ஆடும். ஆட்டத்துக்கு நடுவைக் கண்ணால் பிடித்துக் கட்டினேன். கீழே கள்ளக்குறிச்சியில் அது போதும். மேற்குச் சுவர் முடிந்த மறுநாள் விடிகாலையில் காற்று கொஞ்சம் அடங்கியது. குண்டு போட்டுப் பார்த்தேன். சுவர் இரண்டு விரல் வெளியே சாய்ந்திருந்தது. நூலைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டேன். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

அன்று பகலில் சேர்மன் வந்தார்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. வேறு கொத்தனார் வேலையிடத்துக்கு வந்தால் கரண்டியை அவர் கையில் கொடுப்போம். அவர் ஒரு கல் வைப்பார். அது மரியாதை. நான் கரண்டியைத் துடைத்து, பிடியை அவர் பக்கம் திருப்பி நீட்டினேன்.

"எதுக்கு மேஸ்திரி?"

"நீங்களும் மேசனாச்சுங்களே. ஒரு கல்லு வையுங்க."

டிரைவர் கார் பக்கம் திரும்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. சேர்மன் சிரிக்கவில்லை. சட்டைக் கையை மடித்துவிட்டுக் கரண்டியை வாங்கினார். கிழக்குச் சுவரில் வேலை மிச்சம் இருந்தது. கலவையை அள்ளினார். பாதி அவர் செருப்பில் விழுந்தது. கல் கோணலாக உட்கார்ந்தது.

"தோசை ஊத்தறாப்புல ஊத்தறீங்களேய்யா" என்றாள் என் மனைவி. "வூட்டுல அம்மா பாத்தா தோசக்கரண்டியும் குடுக்க மாட்டாங்க."

அப்போதுதான் சிரித்தார். "நான் பேருக்குத்தான் மேசன், மேஸ்திரி. எங்களது வெள்ளக்காரன் காலத்துச் சங்கம். அதுல கல்லும் இல்ல, கலவையும் இல்ல. மூலமட்டம், ரசமட்டம், குண்டு, எல்லாம் ஒரு அடையாளம். அத வச்சிக்கினு மனுசன் எப்பிடி நடக்கணும்னு பேசுவோம்."

"பேசறதுக்கா அவ்ளோ தூரம் போறீங்க?"

"அதான். பேச்சு ஜாஸ்தி." செருப்பைத் துடைத்துக்கொண்டே மேற்குச் சுவரைப் பார்த்தார். "குண்டப் பத்தி எத்தினியோ வருசமா பேசறேன். ஒருநாளும் தொங்கவுட்டுப் பாத்ததில்ல. போடு, பாக்கலாம்."

சாரத்தில் ஏறினேன். நூலை விட்டேன். காற்றில் குண்டு ஆடியது.

"காத்துங்க" என்றேன்.

"எல்லாம் சரியாத்தான் இருக்குது சார். வாங்க, டீ சாப்புடலாம்" என்றார் காண்ட்ராக்டர்.

என் மனைவி தண்ணீர் வாளியைத் தூக்கி வந்து குண்டுக்கு அடியில் வைத்தாள். குண்டு தண்ணீருக்குள் முங்கியது. "கெணத்துல வுட்ட வாளி தண்ணிக்குள்ள போனா ஆடாதுல்ல" என்றாள். சுவர் விஷயம் அவளுக்குத் தெரியாது.

குண்டு நின்றது. நூலுக்கும் சுவரடிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. எல்லோரும் பார்த்தார்கள்.

"பூச்சுல சரி பண்ணிரலாம் சார்" என்றார் காண்ட்ராக்டர். "அடியில ஜாஸ்தி, மேல கம்மி. கண்ணுக்குத் தெரியாது. பிரிச்சா திறப்பு தள்ளிப்பூடும். ஊர்ல இன்னா சொல்லுவான்? தலை குடுக்கல, அதான் செவுரு நிக்கலன்னுவான்."

அவர் சொன்னதில் தப்பில்லை. அப்படித்தான் சொல்லுவார்கள்.

சேர்மன் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு மேஸ்திரி."

"காலையிலயே தெரியுங்க. சொல்லல" என்றேன். "ஓட்டு பாரம் ஏறினா இன்னும் தள்ளும். பிரிக்கணும்."

மலையூர்ப் பெரியவர் அப்போதுதான் வாய் திறந்தார். "இந்தச் செவுத்தோரந்தான் புள்ளைங்க படுக்கும்னு சொன்னீங்க."

சேர்மன் குனிந்து அந்த இடைவெளியில் இரண்டு விரலை நுழைத்துப் பார்த்தார். பிறகு, "பிரி" என்றார்.

"சார், தேதி?"

"குண்டு தேதி பாக்குதாய்யா?"

பிரிக்கிற கூலி எனக்கு வேண்டாம் என்றேன். "தப்ப ஒத்துக்கினவனுக்குக் கூலி புடிச்சா அடுத்தவன் வாயத் தொறக்க மாட்டான். வாங்கிக்கோ" என்றார். என்மேல் கோபமா என்று முகத்தைப் பார்த்தேன். தெரியவில்லை.

மறுநாள் காலையில் மறுபடி வந்தார். ஓட்டுக் கேட்கப் போக வேண்டிய நாள். இடுப்பில் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டு என் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் பிரித்துப் போடும் கல்லில் காய்ந்த கலவையைக் கொத்திச் சுரண்டும் வேலை.

"வேணாங்க" என்றேன்.

"எங்க சங்கத்துல மொதப் படியே எடுபிடி ஆளுதான் மேஸ்திரி. நான் அதையும் பேசிக்கினே தாண்டிட்டேன்."

"வெரலு பத்திரம்யா" என்றாள் என் மனைவி. "மை வைக்க ஒண்ணாவது வோணும்."

பொழுது சாயும்வரை உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. துணி சுற்றிக்கொண்டு செய்தார்.

திறப்பு தள்ளிப்போனது. காண்ட்ராக்டர் சொன்னதை ஊரில் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார்கள். சேர்மன் தோற்றார். அதற்குப் பிறகு அவர் தேர்தலில் நிற்கவில்லை. ஹாஸ்டலைத் திறந்தபோது புதுச் சேர்மன் ரிப்பன் வெட்டினார். இவர் பின்னால் பிள்ளைகளோடு நின்றார். மாதம் ஒரு நாள் கோட்டுப் போட்டுக்கொண்டு போவதை மட்டும் விடவில்லை. என்னைப் பார்த்தால் காரை நிறுத்தி, "இன்னா மேசன், சவுக்கியமா?" என்பார். "இருக்கேன் மேசன்" என்பேன்.

அவர் போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ஹாஸ்டலுக்கு ஓடு இரண்டு முறை மாற்றினார்கள். சுவரைத் தொடவில்லை.

பிரித்தது பத்தொன்பது வரிசைக் கல். சுத்தம் செய்த கல்லை ஆளுக்குத் தனியாக அடுக்கி எண்ணுவது எங்கள் வழக்கம். என் மனைவி ஒரு நாளைக்கு ஐந்நூறு கல் செய்வாள். அன்று சாயங்காலம் சேர்மன் அடுக்கியதைத் தனியாக எண்ணினேன். அத்தனையையும் அந்தச் சுவரிலேயே வைத்தேன்.

நூற்று நாற்பத்தாறு.