சிப்பிகாட்டில் இறங்கிய நிலம்

போர்ட் பிளேரில் ஒரு கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. ஒரு தகவலை எங்கே தேடுவது, எப்படிச் சரிபார்ப்பது என்று முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுப்பேன். வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே எழுதிக்கொண்டு வந்தால் என் வாய் சும்மா இருக்காது. யார் சொன்னது, அவர் பார்த்தாரா, வேறு யார் சொல்கிறார்கள் என்று கேட்டே உயிரை வாங்குவேன்.

போன வருடம், வீட்டில் எல்லோரும் நம்பும் ஒன்றைச் சோதித்து வரச் சொன்னேன். பக்கத்துச் சிப்பிகாட் கிராமத்துப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள்: சுனாமியன்று கடல்நீரைத் தடுக்கும் மதகைச் சித்தப்பா மூடாமல் ஓடியதால்தான் எங்கள் வயல் கடலாகிவிட்டது. அன்றிலிருந்து அவள் அப்பா தம்பியோடு பேசுவதில்லை. தம்பி பெரார்கஞ்சுக்குக் குடிபோய்விட்டார். இவள் பிறந்ததே அதற்குப் பிறகுதான்.

என் கேள்விகளைப் பிடித்துக்கொண்டு, அப்பாவுக்குத் தெரியாமல் சித்தப்பா நம்பரைத் தேடிப் பேசிவிட்டாள்.

"பக்கா மேடம். மூடலைன்னு அவரே ஒத்துக்கிட்டார்."

மூடாதது உண்மை, அதனால்தான் வயல் போனது என்பதற்கு என்ன ஆதாரம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. சரி வா என்று பக்கத்தில் உட்காரவைத்துத் தேடினோம். சுனாமியைக் கிளப்பிய நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமான் தரையே தாழ்ந்துவிட்டது என்று ஒரு கட்டுரை. ஒன்று போதாது என்றேன். வேறு ஆட்கள் எழுதிய இன்னொன்றும் அதையே சொன்னது. கூடவே செயற்கைக்கோள் படங்கள்: முன்பு பச்சை, பின்பு தண்ணீர். தன் வயலை அவள் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. பஸ்ஸில் போகும்போதெல்லாம் என்ன அழகு என்று நான் போட்டோ எடுத்த நீர்ப்பரப்பு அது! மண் அப்படியே இறங்க, கடல் உள்ளே வந்து தங்கிவிட்டிருக்கிறது. அடேயப்பா, இதன்முன் ஒரு மதகு எம்மாத்திரம்?

மறுவாரம் அப்பாவையே கூட்டி வந்தாள். அவர் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே இரண்டு படங்களையும் மாறி மாறிப் பார்த்தார். தன் வரப்பை விரலால் தொட்டார்.

"அன்னைக்கு அவன் மூடியிருந்தாலும் இப்படித்தானா மேடம்?"

படித்தவரை அப்படித்தான் தெரிகிறது என்றேன். தரை தாழ்ந்த பிறகு மதகு என்ன செய்யும்?

திரும்பவும் படத்தைப் பார்த்தார். பிறகு போனை எடுத்து மகளிடம் நீட்டினார்.

"உங்க சித்தப்பன் நம்பர் யார்கிட்டயாவது கேட்டு வாங்கித் தரியாம்மா?"

அவள் யாரிடமும் கேட்கவில்லை. மனப்பாடமாக அழுத்தித் தந்தாள்.